ஆற்றுச் சனத்தின் முதற்பங்கு

ஊர்காவற்றுறைக் கரையில் விடியக்காலை மீன் ஏலம் போகும்போது, மீன் விற்றுப் பிழைக்கும் கத்தரீனா மட்டும் எட்டத்தில் பனைகளுக்குப் பக்கத்தில் ஓலைக் கடகத்தோடு நிற்பாள். மற்றவர்கள் வாங்கி முடித்த பிறகுதான் அவள் கிட்ட வரலாம். அவளுடைய புருசன் றொபேட் கடலோடு போய் இரண்டு வருடமாகிறது. கைம்பெண் முதலில் மீனைத் தொட்டால் அடுத்த நாள் வலை வெறுமையாக வரும் என்பது அந்தக் கரையின் சட்டம். நல்ல சட்டம்! கடைசியில் மிஞ்சுகிற பழுது மீனை அவளிடம் யார் வாங்குவார்கள்? பிள்ளைகள் இரண்டும் பல நாள் சாப்பாடில்லாமல் வெறுந்தேத்தண்ணீரோடுதான் பள்ளிக்கூடம் போயின. இந்தச் சட்டத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றவர் வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்த சம்மாட்டி பஸ்ரியாம்பிள்ளை. றொபேட் தொழிலுக்குப் போய்ச் செத்தது அவருடைய வள்ளத்தில்தான்.

அது போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்த காலம். போரில் மூடிக்கிடந்த பாதை திறந்திருந்தபடியால், பிரேசிலில் கத்தோலிக்கக் குருவாகப் பணிசெய்த சந்தியோகு சுவாமி ஊருக்கு வந்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும், அமேசன் காட்டில் தான் கூடி வாழ்ந்த ஒரு சிறு குடியின் படங்களைக் கோயில் மண்டபத்தில் காட்டினார்.

“இவை ஒரு கைப்பிடிச் சனந்தான். விடிய ஆத்திலை குளிச்சுப்போட்டு, அடுப்பைச் சுத்தியிருந்து கண்ட கனவுகளைச் சொல்லுவினம். கெட்ட கனவெண்டால் அண்டைக்கு ஒருத்தரும் வேட்டைக்குப் போகமாட்டினம்.”

சனம் சிரித்தது. பஸ்ரியாம்பிள்ளை எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

“காட்டுச் சனந்தானே சுவாமி. கனவைக் கேட்டு நடந்தால் உலை கொதிக்குமோ?”

“மீனுக்கெல்லாம் ஒரு தாய் ஆத்துக்கடியிலை இருக்கிறாள் எண்டும் நம்பினம். பிடிச்சதை அவளுக்குச் சொல்லிப்போட்டுத்தான் பங்கிடுவினம்,” என்றார் சுவாமி.

மறுபடியும் சிரிப்பு. அப்போது கடைசி வாங்கில் இருந்த கத்தரீனா எழும்பினாள். சபையில் அவள் வாய் திறந்ததை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

“அங்கை புருசன் செத்த பொம்பிளை கரைக்கு வரலாமோ சுவாமி?”

“அவள் வராமல் பங்கே பிரிக்கமாட்டினம் பிள்ளை. முதற்பங்கு அவளுக்குத்தான். அவளின்ரை பிள்ளையள் பட்டினி கிடந்தால் அந்தத் தாய் மீனையெல்லாம் ஒளிச்சுப்போடுவாள் எண்டு அவைக்குப் பயம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பஸ்ரியாம்பிள்ளையின் மனைவி மாக்கிறேற் அவர் பக்கம் திரும்பினாள்.

“இதுக்கேன் பேசாமல் இருக்கிறியள்? சிரியுங்கோவன்,” என்றாள்.

அவருடைய முகம் கறுத்துப்போயிற்று.

மறுநாள் ஏலம் தொடங்கும் நேரம் பஸ்ரியாம்பிள்ளை பனைப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

“கத்தரீனா, இஞ்சை வாரும். நீரே முதலிலை வாங்கும்.”

அவள் தயங்கித் தயங்கி வந்து மீனருகே குனிந்தாள். கூட நின்ற அவருடைய வள்ளத் தொழிலாளி அப்புத்துரைக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணை, நாளைக்கு வலை வெறுமையா வந்தால்?”

“இவள் எட்ட நிண்ட ரெண்டு வருசமும் ஒருநாளும் வெறுமையா வரேல்லையோ? அந்தச் சனத்துக்கும் பயம், எங்களுக்கும் பயம். அவையின்ரை பயம் கைம்பெண்ணுக்குச் சோறு போடுது, எங்கடை பயம் அவளின்ரை சோத்தைப் பறிக்குது. ஏழையின்ரை வயித்திலை அடிக்கிற நம்பிக்கை பக்தியில்லையடா, பாவம். அந்தப் பாவத்தை நான் என்ரை வள்ளத்திலை செத்தவனின்ரை வீட்டுக்கே செய்துபோட்டன்.”