லாலாகுடா நடையின் கடைசி நிறுத்தம்

வாரநாட்களில் மென்பொருள் எழுதுகிற கௌஷிக், ஞாயிற்றுக்கிழமைகளில் நாகரிகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். சைனிக்புரிப் பக்கத்துப் பெரிய மனிதர்களைத் தொப்பி, தண்ணீர் பாட்டிலோடு லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் சந்துகளுக்குப் 'பாரம்பரிய நடை' என்று அழைத்துப்போவான். கொடியில் காயும் லுங்கியைக்கூட வரலாறு என்று விளக்குவான்.

அந்தச் சந்துகளை அவனுக்குக் காட்டியவள் லலிதா, பட்டறைத் தொழிலாளி தேவசகாயத்தின் மகள். இரண்டு வருஷமாக அவளைக் காதலித்தான். அவள் வீட்டு மீன்குழம்பையும் சேர்த்துத்தான். தன் அம்மாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. லலிதா நெருக்கியபோது, "வர்ற ஞாயிறு அம்மாவோட வந்து பேசுறேன்" என்று சொல்லிவைத்தான்.

ஞாயிறு வந்தது, தைரியம் வரவில்லை. கும்பலோடு போய் நின்றால் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், ஒரு வாரம் தள்ளிவிடலாம் என்று நடையை அந்த வீட்டுக்கே திருப்பினான்.

வாசலில் லலிதாவின் அம்மா ஆரோக்கியமேரி பட்டுப்புடவையில் காத்திருந்தாள். கும்பலில் நரைத்த தலையோடு வந்த புஷ்பா மேடத்தைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சம்பந்தி! இத்தினி சொந்தக்காரங்களா! ஏங்க, பக்கத்து வூட்ல சேர் வாங்கியாங்க!"

புஷ்பா மேடம் கௌஷிக்கின் காதில் கிசுகிசுத்தார்: "சம்பந்தியாமே! நமக்காக நாடகமே பிரமாதமா ஏற்பாடு பண்ணியிருக்கே!"

'இவங்க என் அம்மா இல்ல' என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்வதற்குப் பதில் கௌஷிக் வந்த சேர்களை வரிசையாகப் போட்டான். அதற்குள் புஷ்பா மேடத்தின் கொண்டையில் மல்லிகை ஏறிவிட்டது. தேவசகாயம் கைகூப்பினார்.

"எங்க பொண்ண நல்லா பாத்துக்கங்கம்மா."

"நிச்சயமா!" என்றார் மேடம், கேமராவைப் பார்த்தபடி.

காபித் தட்டோடு வந்த லலிதா நின்றுவிட்டாள். கௌஷிக்கின் அம்மாவை அவள் போட்டோவில் பார்த்திருக்கிறாள்.

"நீயே சொல்லு" என்றாள் அவனிடம்.

கௌஷிக் கும்பல் பக்கம் திரும்பினான். "எல்லாரும் காபி எடுத்துக்கங்க. அப்புறம் கிளம்பலாம்."

லலிதா தட்டைக் கீழே வைத்தாள். "அம்மா, நக்கோ, வேணாம். இவங்க அவர் அம்மா இல்ல, ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க." பிறகு கும்பலிடம், "முக்கியமானத விட்டுட்டுப் போறீங்களே! இவரு கௌஷிக். ரெண்டு வருசமா இங்க சாப்ட்டு, என்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னவரு. போட்டோ எடுத்துக்கங்க."

பின்னால் நின்ற ஒருவர் உண்மையாகவே எடுத்தார். புஷ்பா மேடத்தின் கை மல்லிகைக்குப் போய், எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றது.

ஆரோக்கியமேரி, சம்பந்திக்கென்று கேக் வைத்த தட்டை அவனிடம் நீட்டினாள்.

"வந்துட்ட. சாப்ட்டுப் போ தம்பி."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கௌஷிக் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். அத்தனை பேர் பார்க்க, மென்றுகொண்டே நின்றான்.