எழுபதில் நின்ற மருந்து

முதல் குண்டை டுவைட் தன் தோளில் துப்பாக்கியை வைத்துச் சுட அவன் மனைவி மார்லா சம்மதிக்கவில்லை. துப்பாக்கியைப் பழைய லாரி டயரோடு சேர்த்துக் கட்டி, விசையில் கயிறு மாட்டி, இருவரும் வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு இழுத்தார்கள். புகை அடங்கியதும் அவள்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். குழல் முழுசாக இருந்தது.

பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழங்காலத் துப்பாக்கிகளுக்கு மான் வேட்டை திறக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படித் திறந்த காலையில் பேச்சு சுவாரசியத்தில் டுவைட் குண்டைப் பாதிக் குழலிலேயே விட்டுவிட்டான். குண்டு மருந்தின்மேல் போய் உட்காரவில்லை. சுட்டபோது குழல் கிழிந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் போயின. பனிக்குள் அவற்றைத் தேடியவள் மார்லா.

புதுத் துப்பாக்கியோடு அவன் வீட்டுக்குள் நுழைந்தான். நாலாம் நாள், "மருந்து அளவு நான்தான் பார்ப்பேன். நீ வாயைத் தொறக்கக் கூடாது" என்றாள்.

ஐம்பது கிரெயின், அதாவது மூன்று கிராம் சொச்சம் மருந்தில் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு குழலைத் துடைத்தார்கள். குண்டு அடிவரை இறங்கியதா என்று அவளே இடிக்கும் கோலைப் பிடித்துப் பார்த்தாள். அறுபதுக்கு ஏறினார்கள். குறிக்காக மாட்டிய காகிதத் தட்டில் ஓட்டைகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. இப்படிச் சுட்டால் மான் விழாது, அடிபட்டு ஓடிப்போய் எங்கேயாவது சாகும்.

"தொண்ணூறு போடு. மருந்து கூடினா நேராப் போகும்."

"வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

அவள் பனியில் நடந்து, குண்டைச் சுற்றிப் போட்டு, சூட்டோடு வெளியே பறந்து விழுந்த எண்ணெய்த் துணிகளைப் பொறுக்கிவந்தாள். எல்லாம் நடுவில் கருகி ஓட்டையாகியிருந்தன.

"இது எந்தத் துணி?"

"என் பழைய சட்டை."

"உன்ன மாதிரியே. ஒண்ணும் தாங்காது." வண்டியில் கிடந்த மெத்தை உறையைக் கத்தரித்தாள். கெட்டித் துணி. குண்டு இறுக்கமாக இறங்கியது. அறுபதில் ஓட்டைகள் கிட்டே வந்தன. எழுபதில் மூன்று ஓட்டைகளும் ஒரு காபிக் கோப்பை வாய்க்குள் அடங்கின.

"எண்பது பாக்கலாமா?"

"நல்லா இருக்கிறத ஏன்டா கெடுக்கணும்?"

குண்டு மருந்தின்மேல் உட்காரும்போது குழல் வாய்க்கு நேராக வரும் இடத்தைக் கோலில் கத்தியால் கீறி வைத்தாள். இனி அவன் முறை. தோளில் வைத்தான். மூன்று விரல் கையால் குழலைத் தாங்கினான்.

"வண்டிக்குப் பின்னால போ, மார்லா."

"போகமாட்டேன். சுடு."

விசையை இழுத்ததும் துப்பாக்கியின் சக்கிமுக்கிக் கல் பொறி தட்டியது. கண்ணெல்லாம் புகை. அதற்குள்ளிருந்து அவன் சிரிப்பது கேட்டது. இருமலும் சிரிப்புமாகக் கன்னத்தில் கரி அப்பிக்கொண்டு வெளியே வந்தவன், இரண்டு கையையும் விரித்து அவளுக்குக் காட்டினான். அவள் எண்ணினாள். எட்டு.  அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்து ஆப்பிள் மரங்களிலிருந்து கலைந்த காக்கைகள் புகை விலக விலக ஒவ்வொன்றாகத் திரும்பிவந்து, மொட்டைக் கிளைகளில் இடம் பார்த்து உட்கார்ந்தன.