கணவாய்க்கு முன் ஒரு நாள்

ஐசிரேக் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியபோது சனிக்கிழமை மதியம் மணி மூன்று. பதினான்கு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தவளுக்கு வாய் காதுவரை விரிந்திருந்தது. "சிரிச்சது போதும்டி, உதடு கிழிஞ்சிடப் போகுது" என்றாள் சாய்கல், அவளுடைய இணை.

முக்குளிப்பில் யாரும் தனியாக இறங்குவதில்லை. இணையாக இறங்கினால் இணையாகவே ஏற வேண்டும். ஒருத்திக்குக் காற்று தீர்ந்தால் மற்றவளின் காற்று உருளையிலிருந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இசிக்-குல் ஏரியின் தென்கரையில் நடந்த அந்த முக்குளிப்பு முகாமுக்குப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பாலிக்சி நகரத்து ரயில்வே குடியிருப்புக்காரி சாய்கலுக்கு நாக்கு நீளம். முதல் நாளே ஐசிரேக்கிடம், "ஆடு மேய்க்கிற ஊர்க்காரிக்கு மீனோட என்ன பேச்சு?" என்று கேட்டவள். ஆறே நாளில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். பள்ளியில் வாயே திறக்காத ஐசிரேக்குக்கு இப்படி ஒரு தோழி வாய்த்தது இதுதான் முதல் தடவை.

ஒரே உறுத்தல், வீட்டில் அவள் சொல்லியிருந்தது நீச்சல் முகாம் என்று. அப்பா எசென்கூல் மந்தைக்காரர். ஏரி என்பது குதிரையைக் குளிப்பாட்டுகிற இடம், மனிதன் முழங்காலுக்கு மேல் நனையக் கூடாது என்று நம்புகிறவர்; கரையோர நீச்சலுக்கே அரை மனதோடுதான் அனுப்பியிருந்தார். உண்மை தெரிந்தால் அன்றோடு முக்குளிப்புக்கு முழுக்குத்தான்.

அந்த அப்பாதான் நாலரை மணிக்குப் பழைய காரில் வந்து நின்றார். ஐசிரேக்கின் அண்ணன் மகனுக்குக் கால்கட்டு வெட்டும் விருந்து. நடை பழகிய குழந்தையின் காலில் கயிறு கட்டுவார்கள்; பந்தயத்தில் ஓடி வந்து முதலில் எட்டுகிறவர் அதை வெட்டுவார். திங்கட்கிழமை என்றிருந்தது. மேய்ச்சல்வெளியில் விருந்தாளிகள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டதால் நாளைக் காலையே வைத்துவிட்டார்களாம். அத்தை நீ ஓடாமல் எப்படி, உடனே கிளம்பு என்றார்.

மேய்ச்சல்வெளி உயரமான டொசோர் மலைக்கணவாய்க்கு அப்பால். ஐசிரேக் கணக்குப் போட்டாள், தண்ணீரைவிட்டு வந்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஆழத்தில் உடம்பில் கரைந்த காற்று வெளியேற ஒரு முழு நாள் வேண்டும். அதற்குள் உயரம் ஏறினால் இரத்தத்தில் குமிழி கட்டும். மூட்டு முடங்கலாம், இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விடலாம். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம் அது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. தலைக்கு மேல் மலையை வைத்துக்கொண்டு முக்குளிக்கிறவர்களுக்கு உண்டு.

சொன்னால் ஏரி போச்சு. சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது, தனக்கு மட்டும் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள். முட்டாள்தனம்தான், பதினாறு வயதில் யார் செய்யாத முட்டாள்தனம்? பயிற்சியாளரும் உருளை நிரப்ப ஊருக்குள் போயிருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

பின்கதவு திறந்தது. ஈரத்தலையோடு சாய்கல் ஏறி உட்கார்ந்து, தானும் விருந்துக்கு வருவதாகச் சொன்னாள். வருகிற விருந்தாளியை வேண்டாம் என்கிற வழக்கம் எசென்கூல் பரம்பரையிலேயே இல்லை. மகிழ்ச்சியாக வண்டியைக் கிளப்பினார்.

ஐசிரேக் திரும்பி, இறங்கச் சொல்லிக் கிசுகிசுத்தாள். கெஞ்சிப் பார்த்தாள்.

"நீ எத்தனை மீட்டர் போனியோ, நானும் அத்தனைதான் போனேன்" என்று சாய்கலும் கிசுகிசுத்தாள். "உனக்கு ஆகுறது எனக்கும் ஆகட்டும்."

ஆப்ரிகாட் தோட்டங்கள் முடிந்து சாலை ஏறத் தொடங்கியது. தன் உடம்பை வைத்துச் சூதாட ஐசிரேக் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் கண்ணாடியில் தெரிந்த சாய்கலின் முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வளைவு வந்தது.

"அப்பா, நிறுத்துங்க. நாங்க மேல வரக் கூடாது."

வண்டி ஓரங்கட்டியது. நீச்சல் இல்லை, முக்குளிப்பு என்பதிலிருந்து குமிழிவரை எல்லாவற்றையும் கொட்டினாள். எசென்கூல் இன்ஜினை அணைத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. பிறகு அவர் பின்னால் திரும்பினார்.

"ஏம்மா, இதெல்லாம் தெரிஞ்சேதான் ஏறினியா?"

"தெரிஞ்சேதான் மாமா. பயத்துல உயிரே போயிடுச்சு."

"இவ நிறுத்தலேன்னா?"

"என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல மாமா. தனியா விட மனசு வரல."

எசென்கூல் மலைக்கு போன் போட்டார். விருந்து திங்கட்கிழமைதான், ஒரு வருஷம் நடக்காமல் இருந்த பயல் இன்னும் ஒரு நாள் பொறுக்கட்டும் என்று மருமகளிடம் சொன்னார். எதிர்முனையில் சத்தம் பெரிதாக இருந்தது. அவர் போனை வைத்துவிட்டார்.

"பொய் சொன்னதுக்கு உனக்குத் தனியா இருக்கு" என்றார் மகளிடம், வண்டியை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டே. "இனிமே தண்ணில இறங்கினா இவளோடதான் இறங்கணும். வேற யாரோடயும் உன்ன விட மாட்டேன்."

ஐசிரேக் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டது.