வீராம்பட்டினத்துக்காக ஒரு கேள்வி

எம்.பி. ஆதிமூலம் நாடாளுமன்றத்தில் என்ன செய்கிறார் என்று புதுச்சேரியில் ஒருவருக்காவது தெரியும் என்றால், அது ஸ்டெல்லாமேரிக்குத்தான். லாஸ்பேட்டையில் கல்லூரி ஆசிரியை. எம்.பி.யின் வருகை, விவாதம், கேள்வி எல்லாவற்றையும் நாடாளுமன்ற இணையதளத்தில் தேடிப் பார்த்து, முகநூலில் மார்க் போடுவாள். மாணவர்களின் விடைத்தாளைக்கூட அவ்வளவு ஆசையாகத் திருத்தியதில்லை. ஆனால் ஒரு கேள்வியையும் முழுசாகப் படித்ததில்லை. எண்ணிக்கை போதாதா?

இந்த வருஷம் ஆதிமூலத்துக்கு நல்ல மார்க். வீராம்பட்டினம் பேரிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தார். அங்கே கருவாடு போடும் பெண்களுக்குக் கடற்கரை மணல்தான் பிழைப்பு. அதை யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. "எம்.பி. உங்களுக்காகக் கேட்டிருக்காருக்கா. ஒரு பாராட்டு விழா வெச்சா என்ன?" என்று பெண்கள் சங்கத் தலைவி செல்வாம்பாளைக் கிளப்பிவிட்டதே ஸ்டெல்லாதான்.

விழாவில் செல்வாம்பாள் தன் கையால் எம்.பி.க்கு மாலை போட்டாள். பிறகு, "அவரு கேட்டத எங்களுக்கும் தமிழ்ல படிச்சுக் காட்டு டீச்சர்" என்றாள்.

ஸ்டெல்லா போனை எடுத்து, மைக்கைப் பிடித்து, பெருமையாக ஆரம்பித்தாள். "வீராம்பட்டினம் கடற்கரையில..." அடுத்த வரியை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தாள். சுற்றுலா விடுதி கட்டத் தடையாக இருக்கும் கருவாட்டுக்காரர்களின் ஆக்கிரமிப்பை அரசு எப்போது அகற்றும் என்று கேட்டிருந்தார் மனுஷன்.

நிமிர்ந்தாள். முன்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை அதட்டி அடக்கிவிட்டுக் காத்திருந்தார்கள்.

"...கருவாடு போடுறவங்களுக்கு அரசாங்கம் என்ன பாதுகாப்பு குடுக்கும்னு கேட்டிருக்காரு" என்று முடித்தாள்.

கைதட்டல் காதைப் பிளந்தது. ஆதிமூலம் அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். கூட்டுக் களவாணியைப் பார்க்கிற சிரிப்பு.

மறுநாள் காலை செல்வாம்பாள் ஒரு பை வஞ்சிரக் கருவாட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். "வெச்சுக்க டீச்சர். நீ இல்லன்னா இதெல்லாம் எங்களுக்கு யாரு வந்து சொல்லப்போறா?"

பையை வாங்கக் கை நீளவில்லை. ஸ்டெல்லா அவளை உட்காரவைத்து, கேள்வியை உள்ளது உள்ளபடி சொன்னாள். படிக்காமலே மார்க் போட்டதையும், படித்த பிறகு மாற்றியதையும் சொன்னாள். அழுகை வந்தது. அழவும் வெட்கமாக இருந்தது.

செல்வாம்பாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டது அவரு. மாத்துனது நீ. மாலைய மட்டும் என் கையால போட வெச்சிட்டியே டீச்சர். எங்க பொம்பளைங்க மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்?"

"மைக் செட்டுக்காரன் இன்னும் கழட்டல" என்று செல்வாம்பாள் எழுந்தாள். "வா. நேத்து நின்ன எடத்துலயே நின்னு படி."

கருவாட்டுப் பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.