காலி பஸ்

ஒரு பஸ்ஸைக் கொல்வது சுலபம். அதற்குச் சற்று முன்னால் இன்னொரு பஸ்ஸை விட்டால் போதும். காத்திருப்பவர்கள் முதலில் வருவதில் ஏறிவிடுவார்கள், பின்னால் வருவது வெறுமையாக ஓடும். அரச போக்குவரத்து அதிகாரியாக இருந்தவரை ஜெயசீலன் இந்தத் தந்திரத்தைத் தடுத்தார். ஓய்வுபெற்றுத் தனியார் பஸ் முதலாளிகளின் பேச்சாளரானதும், ஹேவாஹெட்ட–கண்டி வழியில் அரச பஸ்ஸுக்கு முன்னால் தனியார் பஸ்ஸை விட்டு அதையே செய்தார்.

“அரச பஸ் காலியா ஓடுது, நிறுத்திடலாம்,” என்று ஊர்க் கூட்டத்தில் சிரித்தார்.

தோட்டத் தொழிலாளி கோகிலா எழுந்தாள். “எங்க புள்ள அரச பஸ்ஸுல, மாசத்துக்கு ஒருக்கா கொறஞ்ச காசுக்கு எடுக்கிற சீசன் டிக்கெட்டுல பள்ளிக்கூடம் போகுதுங்க. ஒங்க பஸ்ஸுல சீசன் எடுப்பீங்களா?”

“அது எப்படிம்மா? முதலாளிமாருக்குக் கட்டுப்படியாகாதே. வேணும்னா முன் சீட்டு தரச் சொல்றேன்.”

“த்தூ! சோறு போட்ட பஸ்ஸையே கொன்னுட்டு, சீட்டுக் குடுக்க வந்துட்டாரு.”

அடுத்த திங்கட்கிழமை அரச பஸ் வரவில்லை. தனியார் பஸ்ஸில் ஏறிய கோகிலாவின் மகள் சீசனை நீட்டினாள். நடத்துநர் அவளை வழியிலேயே இறக்கிவிட்டார்.