ஐஸ் வைத்த கன்னம்

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் வருவது ஐஸ்தான். காசிமேட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொட்டுவது அம்மாவின் வேலை. அங்கம்மா என்றால் அங்கே தெரியாத ஆள் கிடையாது. கால் பிசகினால் ஐஸ், பல் வலித்தால் ஐஸ், தேள் கொட்டினாலும் ஐஸ். ஐஸில் இருப்பது கெடாது என்பது அவள் கட்சி. மீனுக்கு அது சரி. மனுஷ மூஞ்சிக்கும் அதே சட்டமா?

அன்று அண்ணன் கடலில் இருந்தான். அண்ணி சிவந்தி காலையிலேயே திருவொற்றியூருக்குப் போய் முகத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சள் காமாலை வந்து எழுந்ததிலிருந்து அவளுக்குக் கன்னம் டொக்கு விழுந்துவிட்டது. அங்கே ஒரு பியூட்டி பார்லரில், பள்ளமான இடத்தில் ஊசியால் ஜெல் ஏற்றி உப்ப வைக்கிறார்கள் என்று எவளோ காதில் ஓதிவிட்டாள். டாக்டர் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று நான் முந்தின நாளே கத்தினேன்.

"என் மூஞ்சி, என் ஆசை. உனக்கு இன்னா பேஜாரு?" என்றாள்.

மத்தியானம் சோற்றில் கை வைத்தவள் அப்படியே எழுந்துவிட்டாள். மூக்கோரத்திலிருந்து மேலுதடு வரை சுரீர் சுரீரென்று இழுக்கிறதாம். வீங்கினால் ஐஸ் வை, அமுக்காதே, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று பார்லர்காரி சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஐஸ் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அம்மா வீட்டிலிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு கட்டியை உடைத்துத் துண்டில் சுற்றி அவள் கன்னத்தில் வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வலி மரத்துப்போனது. பார்த்தியா என்பதுபோல் அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். துண்டை எடுத்துக் காட்டச் சொன்னேன். மூக்கோரம் வெள்ளையாக இருந்தது. ஐஸ் வைத்த இடம் வெளுக்காமல் கறுக்குமா என்று கேட்டு அம்மா மறுபடி வைத்தாள். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கால் நிற்கவில்லை, திரும்பத் திரும்ப உள்ளே போய்ப் பார்த்தேன்.

வலி திரும்பி வந்தது, அதுவும் ஐஸ் கன்னத்தில் இருக்கும்போதே. அண்ணி பாயில் புரண்டாள். நான் தெருமுனைக் கடையிலிருக்கும் காசு போனுக்கு ஓடி, ஒரு ரூபாய் போட்டு பார்லர்காரிக்குப் போன் அடித்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், ஐஸ் வையுங்கள், நாளைக்கு வாருங்கள் என்று தேன் ஒழுகப் பேசினாள். என்ன மருந்தை ஏற்றித் தொலைத்தாய் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். அந்த நிமிஷம் அவள் என் கையில் கிடைத்திருந்தால் கொண்டை மிஞ்சியிருக்காது.

வீட்டுக்கு வந்து துண்டைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐஸ் விட்டதும் கன்னமெல்லாம் மெல்லச் சிவந்தது. மூக்கோரமும் உதட்டு மேலும் மட்டும் சிவக்கவே இல்லை. அந்த வெள்ளையைச் சுற்றி ஊதா நூலால் வலை பின்னியதுபோல் கோடுகள்.

அம்மா இன்னொரு கட்டி எடுக்கக் குனிந்தாள்.

"யம்மா, இது மீன் இல்ல. உசுரு கீற மூஞ்சி. பெட்டிய மூடு," என்றேன். அவள் மூடினாள்.

தெரிந்த ஆட்டோக்காரர் ஹுமாயூன் எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டார். துறைமுக கேட்டுக்காகக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரன் அடித்து என்ன பிரயோஜனம்? நான் இறங்கி லாரி லாரியாகக் கதவைத் தட்டினேன். என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஒருவன் பின்னால் எடுத்தான், இன்னொருவன் ஒதுங்கினான், ஆட்டோ நுழைந்தது.

பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா முதலில் அண்ணியின் கண்ணைப் பார்த்தார். இந்த ஊசி சில நேரம் கண்ணையே பறித்துவிடுமாம், பார்வை மங்குகிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் மூச்சு விட்டார். ஏற்றிய ஜெல் ரத்தக் குழாயை அடைத்துவிட்டது, அந்த இடத்துக்கு ரத்தம் போகவில்லை, விட்டால் சதை செத்துக் கறுத்துவிடும் என்றார். ஜெல்லைக் கரைக்கும் மருந்து கண் ஆபரேஷன் வார்டில் இருக்குமாம், ஆளனுப்பினார். ஆனால் பார்லரில் ஏற்றியது கரைகிற சாதி ஜெல்லா, வேறு ஏதாவது கண்டதா? எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வேறு என்றால் மாற்று மருந்தே கிடையாதாம்.

மருந்து வந்தது. ஊசி போட்டுவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியை வைத்து மெல்லத் தேய்த்துவிட்டார். ஐஸ் குழாயை இன்னும் சுருக்கிவிடும், இதற்குச் சூடுதான் வைக்க வேண்டும், யார் ஐஸ் வைத்தது என்று கேட்டார்.

அம்மா சுவரோடு சுவராக நின்றாள். நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான்தாம்மா வெச்சிக்கினேன்," என்றாள்.

டாக்டரம்மா அந்த இடத்தை அழுத்தி அழுத்தி விட்டு, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு ஊசி போட்டார். உதட்டு மேல் முதலில் லேசாக நிறம் வந்தது. அப்புறம் மூக்கோரம். அங்கே ஒரு சின்ன இடம் மட்டும் கன்றிப்போய் நின்றது. அது உரிந்து தழும்பாகலாம், தினமும் வந்து காட்ட வேண்டும், நாளைக்கு வந்திருந்தால் மூக்கே போயிருக்கும் என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அண்ணி நர்ஸிடம் கண்ணாடி வாங்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"அடுத்த தபா டாக்டராண்டதான் போவேன்," என்றாள்.

அடிப்பாவி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அம்மா சுவரை விட்டு நகர்ந்து வந்தாள்.

"போம்போது என்னியும் இட்னு போ. அப்பால இன்னா வெக்கணும், இன்னா வெக்கக்கூடாதுன்னு நான் என் காதால கேக்கணும்."

சொல்லிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துத் துடைத்துச் சூடாக்கிக்கொண்டு, அண்ணியின் முகத்தைத் தொடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.