பெரில் பார்க்காத அறை

உலகமே கொண்டாடும் அந்த ஆங்கில நாடகாசிரியர் பிறந்த வீட்டுக்கும் பெரில் டிட்மார்ஷ் நடத்தும் விடுதிக்கும் நடந்தால் ஆறு நிமிடம். அறுபத்து மூன்று வயது வரை பெரில் அந்த வழியாக எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பாள் என்று கணக்கே கிடையாது. அந்த வீட்டைத் தாண்டித்தான் இறைச்சிக் கடை. தாண்டிப் போவாளே தவிர, உள்ளே போனதில்லை.

இதில் அவளை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். எங்கெங்கிருந்தோ கடல் தாண்டி வந்தவர்கள் மழையில் வரிசை கட்டி நிற்பார்கள். உள்ளூர்க்காரன் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க" என்று அவர்களுக்கு நடுவே புகுந்து போவான். ஊரில் குடியிருப்பவர்களுக்கு அனுமதி இலவசம். அதுதான் வினையே. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற இடத்துக்கு யார் போகிறார்கள்? பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கூட்டிப் போன அன்றைக்குப் பெரிலுக்குப் பொன்னுக்கு வீங்கி. அப்புறம் வேளை வரவில்லை. வருடங்கள் ஓடிய பிறகு, இந்த வயதில் போய் நின்றால் யாராவது பார்த்துச் சிரிப்பார்களே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் விடுதிக்காரிக்கு அந்த வீட்டைத் தெரியாமல் முடியுமா? காலையில் வறுத்த பன்றி இறைச்சியும் முட்டையும் தட்டில் விழுவதற்குள் விருந்தாளிகள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பெரில் சொல்வாள். எப்படித் தெரியும் என்றால், அந்த விருந்தாளிகளே கற்றுக்கொடுத்ததுதான். சாயங்காலம் கால்வலியோடு திரும்பி, தேநீரை வைத்துக்கொண்டு அவர்கள் சொல்வதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்வாள். முப்பது வருடம் கேட்டதை ஒட்டுப்போட்டு, நடுநடுவே தன் கைச்சரக்கையும் சேர்த்து, மறுநாள் வந்தவர்களிடம் அவிழ்த்துவிடுவாள். அவர்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நன்றி சொல்லி, ஊருக்குப் போய்விடுவார்கள். அங்கே இருந்தது வேறு, இவள் சொன்னது வேறு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. பன்றி இறைச்சி நன்றாக இருந்தால் மனிதர்கள் ரொம்பக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் மோர்வித் புரோபர்ட் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

மோர்வித் வேல்ஸ் மலைப்பக்கத்துப் பள்ளி ஆசிரியை. அந்த நாடகாசிரியரின் நாடகங்களை முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வு பெற்றதும் அவர் ஊருக்கு வர வேண்டும் என்று இருந்தாள். ஓய்வு வந்தது, கூடவே கண்ணும் போயிற்று. போன வருடம் தங்கை எலினெட் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்த இடத்தில் தங்கைக்குக் காய்ச்சல். மூன்று நாள் அறையை விட்டு நகர முடியவில்லை. கடைசி நாள் சமையலறையில், ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தபோது, மோர்வித் கேட்டாள்:

"நீங்க இந்த ஊர்க்காரங்கதானே? அவர் பொறந்த ரூமு எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லுங்களேன்."

பெரிலுக்கு மனசு இளகிவிட்டது. உட்கார்ந்து சொன்னாள். மரத்தொட்டிலைச் சொன்னாள், அதன் ஒரு பக்கம் கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகிவிட்டதைச் சொன்னாள். தோட்டத்தைப் பார்த்த ஜன்னலையும், அதன் வழியாக ஆப்பிள் மரத்தின் நிழல் படுக்கையில் விழுவதையும் சொன்னாள். மோர்வித் ஒரு மணி நேரம் அசையாமல் கேட்டாள். அன்றைக்குப் பெரில் சொன்ன மாதிரி அவள் அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் கூப்பிட்ட மோர்வித், "தூக்கம் வராதப்பல்லாம் அந்த ரூமுக்குப் போயிட்டு வர்றேன் பெரில். எனக்குன்னு இருக்குற ஒரே எடம் அதுதான்" என்றாள். பிப்ரவரியில் எலினெட் செத்துப்போனாள். ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மறுபடியும் தொலைபேசி.

"நாளைக்குக் காலையில வர்றேன். தனியாத்தான். பஸ் மாறி வந்துடுவேன். நீங்க என்னைய அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணும். அங்க நின்னு, போன வருஷம் சொன்னதையே சொல்லணும். வேற யார் சொன்னாலும் எனக்கு வேண்டாம்."

பெரில் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த வீட்டை அப்போதுதான் பூட்டியிருப்பார்கள். முன்கூட்டியே ஓடிப்போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரவும் வழியில்லை. புருஷன் லெனிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

லென் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். எதற்கும் பதறாதவன். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்தியா நீ?" என்று சிரித்தான். "போ, போயி அதையே திரும்பச் சொல்லு. அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போவுது?"

"அப்படிச் சொல்லாதீங்க."

"ஏன், தப்பா?"

தப்புதான். ஆனால் அவன் சொல்வதற்கு முன்பே பெரிலும் அதைத்தான் நினைத்திருந்தாள். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

மறுநாள் பத்தரை மணிக்கு இரண்டு பேரும் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். மோர்வித் நல்ல நீலக் கோட்டுப் போட்டு, தலையைப் படிய வாரி, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி வந்திருந்தாள். நுழைவாயில் மேஜையில் டோரீன் இருந்தாள். பெரில் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவள். பெரிலைப் பார்த்ததும் அவள் புருவம் தலைமயிருக்குள் போய்விட்டது.

"அட! என்ன அதிசயம், நீயா—"

பெரில் சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். டோரீன் வாயை மூடிக்கொண்டாள்.

"தெரிஞ்சவங்களா?" என்றாள் மோர்வித், முகத்தைத் திருப்பி.

"ஆமா, பக்கத்துத் தெரு."

உள்ளே நடக்கும்போது பெரிலுக்குக் காது சுட்டது. பார்வை இல்லாதவள் பக்கத்திலேயே நின்று, அவளுக்குத் தெரியாமல் சைகை காட்டிவிட்டாள். முழங்கையைப் பிடித்திருந்த மோர்வித்தின் கை கொஞ்சமும் சந்தேகமில்லாமல் இருந்தது.

மாடி அறை வந்தது. பெரில் வாசற்படியில் ஒரு கணம் நின்றாள்.

தொட்டில் இல்லை. தோட்டமும் இல்லை. இருந்த ஒரே ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. அந்த நாடகாசிரியர் பேரைச் சொல்லி ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐந்து வீடுகள் இருக்கின்றன. ஒரே நாளில் ஐந்தையும் சுற்றிவிட்டு வந்த விருந்தாளிகள் ஒரு வீட்டுத் தொட்டிலை இன்னொரு வீட்டு ஆப்பிள் மரத்தடியில் போட்டிருக்கிறார்கள். இவளும் அதை அப்படியே வாங்கி வைத்திருக்கிறாள். முப்பது வருடம்! எத்தனை பேர் இவளைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போயிருப்பார்கள்!

"வந்துட்டமா?" என்றாள் மோர்வித், குரலைத் தாழ்த்தி.

"வந்துட்டோம்."

மோர்வித் தலையைச் சாய்த்துக் கேட்டாள். வெளியே ஏதோ சரக்கு வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது; டிரைவரை யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஜன்னல் தோட்டத்துப் பக்கம்னுல்ல சொன்னீங்க?"

"இன்னொண்ணு இருக்கு. தெருப் பக்கம். அது தொறந்திருக்கு," என்றாள் பெரில். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

மோர்வித்தின் முகம் தெளிந்தது. "அதான பார்த்தேன்," என்றாள். முழங்கையை விட்டாள். தானாக இரண்டு எட்டு வைத்தாள். போன வருடம் பெரில் சொன்ன இடத்துக்கு, படுக்கையின் கால்மாட்டுக்கு வலதுபக்கம், கையை நீட்டினாள். இடுப்பு உயரத்தில், உள்ளங்கையை லேசாகக் குவித்து, தொட்டிலின் வழவழப்பான பக்கத்தைத் தேடினாள். காற்றில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தாள். விரல்கள் அங்கும் இங்கும் துழாவின. வரிசையில் வந்த ஒரு குடும்பம் நின்று அவளைப் பார்த்தது.

"கொஞ்சம் தள்ளி இருக்கோ?" என்றாள் மோர்வித். இன்னும் புன்னகை போகவில்லை.

பெரிலால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டில் இல்ல. இங்க தொட்டிலே கெடையாது. இருக்குறது ஒரே ஜன்னல், அதுவும் தெருவுக்குத்தான். நான் இதுக்குள்ள வந்ததே இல்ல மோர்வித். இன்னைக்குத்தான் முதல் தடவ. நான் சொன்னதெல்லாம் மத்தவங்க வாயில கேட்டது. பாதி நானே சேர்த்தது."

மோர்வித் கையை உருவிக்கொண்டாள்.

"இந்த ஊர்லயே பொறந்தவங்கன்னு சொன்னீங்க."

"அது நிஜம். இங்கதான் பொறந்தேன்."

"அப்ப நான் ஒரு வருஷமா போயிட்டு வந்த ரூமு எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல."

சுவரோரத்தில் ஒரு பலகை இருந்தது. கைத்தடியால் தட்டிப் பார்த்து மோர்வித் அதில் உட்கார்ந்தாள். அந்தக் குடும்பம் போய், இன்னொரு கூட்டம் வந்து, அதுவும் போயிற்று. பெரில் நின்றுகொண்டே இருந்தாள். வாயைத் திறந்து சமாதானம் சொல்ல நூறு வார்த்தை வந்தது; ஒன்றையும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய காரியம்.

"கண் போன நாள்லேர்ந்து," என்றாள் மோர்வித் கடைசியில், "எல்லாரும் எனக்கு நல்லதாவே சொல்றாங்க. டாக்டர், பாதிரியார், பக்கத்து வீடு, ஏன், எலினெட்டும்தான். அவளுக்கு வியாதி முத்திப்போனதக்கூட எனக்குச் சொல்லல. கடைசி வாரம் வரைக்கும் சளின்னா. நான் நம்பிட்டு இருந்தேன். உங்ககிட்ட மட்டும்தான் கேட்டா உள்ளத உள்ளபடி சொல்வீங்கன்னு நெனச்சேன்."

பெரில் வாசற்படிப் பக்கம் திரும்பினாள்.

"திரும்பிப் போயிடலாமா?" என்றாள்.

"எதுக்கு? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்." மோர்வித் கைத்தடியைத் தரையில் ஊன்றினாள். "ஆரம்பிங்க. என்ன தெரியுதோ அத மட்டும்."

பெரில் பார்த்தாள். வாழ்க்கையில் எந்த அறையையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"சின்ன ரூமு. எங்க பின்பக்க பெட்ரூமவிட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். தரைப்பலகை ஒரு பக்கம் சாயுது. ஒரு கட்டில், செவப்புத் துணி போட்டிருக்கு. அது அந்தக் காலத்துதான்னு எனக்குத் தோணல, ஆனா தெரியாது. ஒரு கயிறு கட்டி, தொடாதீங்கன்னு எழுதிருக்கு. கணப்பு இருக்கு. உள்ள கரி படிஞ்சிருக்கு. நெசக் கரியா, பெயின்ட்டான்னு தெரியல."

"தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. ம்."

"ஜன்னல் கண்ணாடில நெறைய கீறல். பேரு எழுதிருக்காங்க. வந்தவங்க கீறுனதா இருக்கும். படிக்க முடியல."

"மனுஷங்க?"

"இப்ப ஒரு வயசான தம்பதி நிக்கறாங்க. கட்டிலயே பாக்கறாங்க."

"அவங்க மூஞ்சி எப்படி இருக்கு?"

"எதையோ எதிர்பார்த்து வந்த மாதிரி. கெடைக்கல போல. ஆனா போகவும் மனசில்ல."

மோர்வித் தலையாட்டினாள். வெளியே அந்தச் சரக்கு வண்டி ஒரு வழியாக வந்து நின்றது.

"என் மூஞ்சி?" என்றாள் மோர்வித்.

பெரில் அவளுக்கு முன்னால் வந்து நின்று, நன்றாகப் பார்த்தாள். நல்லதாக ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதை உள்ளே தள்ளினாள்.

"போன வருஷத்துக்கு இந்த வருஷம் ரொம்ப வயசாயிடுச்சு. தூக்கம் இல்லாத மூஞ்சி. என் மேல கோவம் அப்படியே இருக்கு. இப்போதைக்குப் போகாது போல."

மோர்வித் ஒரு பெருமூச்சு விட்டாள். தோள்கள் இறங்கின.

"ரெண்டு வருஷமா இத ஒருத்தருகூட சொல்லல," என்றாள். எழுந்து, காற்றில் துழாவாமல், பெரில் நின்ற பக்கம் கையை நீட்டினாள். "வாங்க, அடுத்த ரூமக் காட்டுங்க."